வெளுக்காத படம் கேளுங்கள்

சப்ரகமுவத் தோட்டப் பாடசாலைகளின் பெற்றோருக்கும், விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களுக்கும், தோட்டத்து இளைஞர் கழகத் தம்பிமாருக்கும்,



தைப்பொங்கல் கழிந்த கையோடு இல்ல விளையாட்டுப் போட்டிகள் தொடங்கிவிடும். பிறகு கோட்டம், வலயம், மாகாணம் என்று வரிசையாக வரும். அந்த மாதங்களில் நான் ஸ்டூடியோவில் இருப்பது குறைவு. ஒரு கிழமை இறக்குவானை, காவத்தை, பலாங்கொடைப் பக்கம். அடுத்த கிழமை எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்டப் பக்கம். கமராப் பையையும் மடக்கு வாங்கு ஒன்றையும் முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு, உங்கள் பிள்ளைகளின் கரப்பந்து அணியையும் வலைப்பந்து அணியையும் கிரிக்கெட் அணியையும் எல்லே அணியையும் படம் எடுத்து வருகிறேன். பத்தொன்பது வருடமாக இதுதான் என் தொழில். இந்தமுறை பருவம் தொடங்குமுன் உங்களிடம் ஒரு விஷயம் பேச வேண்டும்.

போன வருடம் பங்குனி மாதத்தில் ஒரு பின்னேரம். இரத்தினபுரி மழை வழக்கம்போல மூன்று மணிக்கே பிடித்துக்கொண்டது. பால்வெட்டு முடித்து, உடுப்பு மாற்றி, பஸ் ஏறி ஓர் அம்மா மகளுடன் வந்தார். வலைப்பந்து அணியின் படம் வாங்க வந்தவர். பிரிண்டை மேசையில் வைத்தேன். சேலையில் கையைத் துடைத்துவிட்டு ஓரத்தைப் பிடித்து எடுத்தார். விரல் இடுக்கில் றப்பர் பால் காய்ந்து வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. இரண்டாம் வரிசையில் மூன்றாவதாக நின்ற மகளை உடனே கண்டுபிடித்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. எம்புள்ளய மட்டும் கொஞ்சம் வெள்ளையா போட்டுக் குடுங்களேன்."

பிள்ளை பக்கத்தில்தான் நின்றது. மாகாண மட்டத்துக்குப் போய் விளையாடிய பிள்ளை. அம்மா அப்படிச் சொன்னதும், படத்தில் இருந்த பார்வையை எடுத்து வெளியே மழையில் வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு படத்தை அது திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பார்வைதான் இந்த மடலை எழுத வைத்தது.

அந்த அம்மாவின் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. கோபப்பட எனக்கு உரிமையும் இல்லை. தொழில் தொடங்கிய காலத்தில் நானே எத்தனையோ பிள்ளைகளை வெளுத்துக் கொடுத்திருக்கிறேன். கணினியில் அது பெரிய வேலை இல்லை. முகத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டு, வெளிச்சத்தைத் தூக்கி, கொஞ்சம் மங்கலாக்கினால் முடிந்தது. இப்போது அந்த வேலையைக் கைபேசி கேட்காமலே செய்துவிடுகிறது. கேட்டதைக் கொடுத்தால் வாடிக்கையாளர் திருப்தி, காசும் கைக்கு வரும் என்று நானும் நினைத்திருந்தேன்.

ஒரு கிரிக்கெட் அணிக்கு அப்படிச் செய்து கொடுத்த ஒரு கிழமைக்குப் பிறகு, அந்த அணியில் பந்து வீசும் பையன் தனியாகக் கடைக்கு வந்தான். சட்டைப் பையில் இருந்து மடித்த தாள்காசை எடுத்து மேசையில் வைத்தான். "அண்ணே, என்னோட மொகத்தோடயே ஒரு படம் தாங்க" என்றான். எனக்கு முதலில் விளங்கவில்லை. படத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. முகம் வெள்ளை, கழுத்துக்குக் கீழே கையும் காலும் அவனுடைய நிறம். பாடசாலையில் அவனைப் பவுடர் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். பழைய கோப்பில் மூலப்படம் இருந்ததால் அன்றைக்கே எடுத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அந்த நாளில் இருந்து வெளுப்பதை விட்டுவிட்டேன்.

நீங்கள் கேட்பதெல்லாம் தவறு என்று சொல்ல வரவில்லை. உங்களிடம் கற்றுக்கொண்டதுதான் எனக்கு அதிகம்.

இளமையில் எனக்குக் கலைஞன் என்ற நினைப்பு இருந்தது. அணித்தலைவரைப் பந்தோடு முன்னால் நிறுத்தி, மற்றவர்களைப் பின்னால் மங்கலாக விட்டு ஒரு கரப்பந்து அணியை எடுத்தேன். தொழில் நண்பர்கள் தோளில் தட்டினார்கள். பெற்றோர் ஒருவரும் வாங்கவில்லை. "எங்க பயலு மொகம் தெரியலயே தம்பி" என்றார் ஒரு தகப்பன். அவர் சொன்னதுதான் சரி. அணிப்படத்தில் பன்னிரண்டு பிள்ளைகள் நின்றால் அது பன்னிரண்டு வீட்டுப் படம். கடைசி வரிசையில் ஓரத்தில் நிற்கும் பிள்ளையின் கண் இமையும் கூர்மையாக வர வேண்டும். அதனால் அபேர்ச்சரை எட்டுக்குக் குறையாமல் வைத்து, வரிசைகளை நெருக்கி நிறுத்தி, யாராவது ஒருவர் கண்ணை மூடியிருப்பார் என்று பத்துத் தடவை எடுக்கிறேன். இந்த ஒழுக்கத்தை எனக்குப் பழக்கியது அந்தத் தகப்பனின் ஒரு வாக்கியம்.

சப்பாத்து விஷயமும் அப்படித்தான். பதினொரு பேர் அணியில் நான்கு சோடி சப்பாத்துதான் இருக்கிறது என்று பொறுப்பாசிரியர் தயங்கிக்கொண்டே சொல்வார். வெறுங்காலோடு நிற்பதை அப்படியே எடுங்கள், அதுதான் உண்மை என்று கொழும்பில் இருந்து வரும் படப்பிடிப்பாளர்கள் சொல்லக்கூடும். அவர்கள் அந்தப் படத்தோடு போய்விடுவார்கள். பிள்ளை அந்தப் படத்தோடு வாழ வேண்டும். நான் வாங்கைப் போட்டு நால்வரை உட்கார வைக்கிறேன். சப்பாத்து இருப்பவர்கள் முன்னால். மற்றவர்கள் பின்னால் நெருங்கி நிற்பார்கள். முன்வரிசை பின்வரிசையின் கால்களை மறைத்துவிடும். கணினியில் சப்பாத்து வரைய வேண்டிய தேவையும் இல்லை, ஒரு பிள்ளை கூச வேண்டிய தேவையும் இல்லை.

லயத்து வீடுகள் படத்தின் பின்னால் வரக்கூடாது என்று நீங்கள் கேட்பதை விளங்கிக்கொள்ளத்தான் எனக்கு நீண்ட காலம் எடுத்தது. முதலில், பிறந்து வளர்ந்த இடத்துக்கு ஏன் வெட்கப்படுகிறார்கள் என்று மனசுக்குள் குறைப்பட்டேன். ஒரு நாள் ஓர் ஆச்சி நேராகவே சொல்லிவிட்டார்: "வர்றவன் போறவன் எல்லாம் லயத்தத்தான் படம் புடிக்கிறான். எம்பேரனயும் அதுலயே நிப்பாட்டாதப்பா."

அவர் சொன்னதில் நூற்றைம்பது வருட வரலாறு இருக்கிறது. படக்கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கெமரன் 1875இல் இந்த நாட்டுக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்தவர். அவருடைய கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. களுத்துறையில் இருந்தபோது வேலையாட்களையும் ஊராரையும் நிறுத்திப் படம் எடுத்தார். 1877இல் அங்கே அவரைப் பார்க்க வந்த மரியான் நோர்த் என்ற ஆங்கில ஓவியரையும் எடுத்தார். நோர்த்தின் பெயர் அவருடைய படத்தோடு இன்றைக்கும் இருக்கிறது. வேலையாட்களாக நின்றவர்களில் ஏறக்குறைய ஒருவரின் பெயரும் இல்லை. அந்தக் காலத்திலும் அதற்குப் பிறகும் ஸ்கீன், ஸ்கோவன், 1890இல் தொடங்கிய பிளாட்டே போன்ற கம்பனிகள் கொழுந்துப் பெண்களையும் தோட்டத்து ஆட்களையும் படமாகவும் தபாலட்டையாகவும் விற்றன. அட்டையில் தொழிலும் இனமும் இருக்கும். ஆளின் பெயர் இருக்காது.

ஆகவே எந்த இடத்தில் நிற்பது என்பதை நீங்களே தீர்மானிப்பது நியாயம். கிரிக்கெட் அரங்கத்தின் படத்தைப் பின்னால் ஒட்டித் தரச் சொல்பவர்களிடம் மட்டும் கொஞ்சம் வாதாடுவேன். நம் தோட்டத்திலேயே நல்ல இடம் இருக்கிறது. மாசி மாதத்தில் றப்பர் மரங்கள் இலை கொட்டி நிற்கும்போது, காலை வெயில் கிளைகளுக்கு இடையால் விழும். அதைவிட அழகான பின்னணி எந்த அரங்கத்திலும் கிடைக்காது. சித்திரைக்குள் தளிர் மூடிவிட்டால் அந்த இடம் ஆகாது. இலைப்பச்சை எல்லார் முகத்திலும் படிந்து, பிள்ளைகள் நோயாளி போலத் தெரிவார்கள். அப்போது பாடசாலைப் படிக்கட்டுக்குப் போய்விடுவோம்.

இடத்தையும் உடுப்பையும் நிற்கும் ஒழுங்கையும் பற்றி நீங்கள் சொல்வதை நான் கேட்பேன். பிள்ளையின் நிறத்தில் கைவைக்கச் சொன்னால் மட்டும் மாட்டேன் என்கிறேன். ஏன் என்று சொல்ல வேண்டும்.

வெள்ளையாகக் கேட்கும் பழக்கம் உங்களுக்கு வந்ததில் எங்கள் தொழிலுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. கலர் பிலிம் காலத்தில் கொடாக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு ஓர் அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். ஷேர்லி அட்டை என்று பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று கணக்கு. அமெரிக்காவில் வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் சேர்ந்து நின்ற வகுப்புப் படங்களில், கறுப்பினப் பிள்ளைகளின் முகம் மட்டும் இருட்டில் கரைந்து, கண்ணும் பல்லும்தான் தெரிந்தன. தாய்மார் முறையிட்டார்கள். தளபாடக் கம்பனிகளும் சொக்கலேட் கம்பனிகளும் தங்கள் பொருட்களின் கபில நிறங்கள் பிரிந்து தெரியவில்லை என்று சொன்ன பிறகுதான் பிலிமைத் திருத்துவதில் அக்கறை பிறந்தது என்று கொடாக்கில் வேலை செய்தவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். பல நிறப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டை வர 1990கள் ஆகிவிட்டன. நம் ஊர் ஸ்டூடியோக்கள் இந்த அட்டையின் கணக்கில்தான் தொழில் படித்தன. நம் பிள்ளைகள் கருகித் தெரிந்தது அவர்களுடைய தோலின் குறை இல்லை.

இன்றைக்கும் அந்தக் கோளாறு தீரவில்லை. வெள்ளை ஜேர்சி போட்டு பன்னிரண்டு பிள்ளைகள் நின்றால், கமரா அந்த வெள்ளையைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும்; முகங்கள் கறுத்துப்போகும். பிரதம அதிதி பேசி முடித்து, கிண்ணம் கொடுத்து, உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு "இப்ப எடுங்க தம்பி" என்பீர்கள். நேர் தலைக்கு மேல் சூரியன். கண்குழியில் நிழல், மூக்குக்குக் கீழ் நிழல். அந்தப் படத்தைப் பார்க்கும் தாய்க்குத் தன் பிள்ளையின் கண் தெரியாது. அவர் "வெள்ளையா" என்று கேட்பார்.

அந்த மழை நாளிலும் நான் அதைத்தான் பார்க்கத் தவறியிருந்தேன். "எங்க குறையுதும்மா, காட்டுங்க" என்று நான் கேட்டபோது அவர் விரலை வைத்த இடம் கண். முன்னால் உட்கார்ந்த பிள்ளை உயர்த்திப் பிடித்த கிண்ணத்தின் நிழல் மகளின் முகத்தில் குறுக்காக விழுந்திருந்தது. அது என் பிழை. கணினியில் அந்த நிழலை மட்டும் தூக்கினேன். நெற்றிப் பொட்டும், கண்ணும், விளையாடிய களையும் வெளியே வந்தன. நிறம் அந்தப் பிள்ளையின் நிறமாகவே இருந்தது. புதுப் பிரிண்டைக் கையில் வாங்கிப் பார்த்த அம்மா, "இது போதும்" என்று மிச்சக் காசை எண்ணி வைத்தார்.

எல்லாரும் அப்படி ஒத்துக்கொள்வதில்லை என்பதையும் மறைக்கவில்லை. "நெறமாத்தான் வேணும், நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க சொவத்துல பாப்பாங்க" என்று பிடிவாதமாக நின்ற தகப்பனும் உண்டு. அந்த அணியின் வேலை வேறு ஸ்டூடியோவுக்குப் போனது. 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபாவுக்கு ஏறி, படத்தாளும் மையும் நெருப்பு விலை விற்ற காலத்துக்குப் பிறகு ஓர் அணி வேலையை இழப்பது எனக்குச் சின்ன நட்டம் இல்லை. ஆனாலும் அந்த அப்பாவுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். அதே மகளுக்குத் தேசிய அடையாள அட்டை எடுக்க என்னிடம்தான் வந்தீர்கள். அந்தப் படத்தில் கைவைக்க ஆட்பதிவுத் திணைக்களம் விடாது என்று சொன்னதும் பேசாமல் ஒத்துக்கொண்டீர்கள். அரசாங்கத்துக்கு மகளின் உண்மையான முகத்தைக் கொடுக்கிறோம். நம் வீட்டுச் சுவருக்கு ஏன் வேறு முகம்? சுவரில் தொங்கும் படத்தை அந்தப் பிள்ளை தினமும் பார்க்கிறாள். நீ போதாது என்று வீட்டுக்குள்ளேயே யாரோ சொல்லிக்கொண்டிருப்பது போல அவளுக்கு இருக்கும்.

நம் வீடுகளில் எத்தனை பழைய படம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 1964இல் நம் ஆட்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பும் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு பாஸ்போட்டுக்கு எடுத்த சின்னப் படம் இருக்கலாம். கப்பல் ஏறிப் போனவர்கள் நீலகிரியில் இருந்தோ திருச்சியில் இருந்தோ அனுப்பிய படம் ஒன்றிருக்கலாம். சாவு வீட்டில் எடுத்தது ஒன்றிருக்கலாம். மிச்சம் இருந்ததில் பாதி 1977இலும், 1981இலும், 1983இலும் நடந்த கலவரங்களில் லயங்களோடு எரிந்தது. சந்தோஷமான ஒரு நாளில், வென்ற கிண்ணத்தோடு, கூட்டாளிகளோடு தோள் சேர்த்து நிற்கும் படம் நம் பாட்டன் பூட்டனுக்கு வாய்க்கவில்லை. உங்கள் பிள்ளைகளுக்குத்தான் முதன்முதலாக வாய்க்கிறது. அதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்ற தவிப்பில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஆசிரியர்களே, உங்களிடம் கேட்பது நேரம். போட்டி முடிந்து களைத்த பிறகு வேண்டாம். காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில் இருபது நிமிடம் தாருங்கள். காலைக் கூட்டத்துக்குப் பிள்ளைகள் எப்படியும் வரிசையில் நிற்பார்கள். அந்த வெயில் சாய்வாக வந்து எல்லார் கண்ணுக்குள்ளும் விழும். மேலதிக வீரர்களையும் கூப்பிடுங்கள். களத்தில் இறங்காத பிள்ளையும் ஜேர்சி போட்ட பிள்ளைதான். படத்தைப் பாடசாலையின் பேஸ்புக் பக்கத்தில் போடுமுன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெண் பிள்ளைகளின் படம் எங்கெங்கோ போவதைக் கண்டிருக்கிறேன்.

பெற்றோரே, பணம் கட்டுமுன் பிரிண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண் தெரியவில்லை என்றால், முகம் இருண்டிருந்தால், பல் மட்டும் மினுங்கினால் திருப்பிக் கொடுங்கள். இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுங்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அப்படிப்பட்ட சம்பளத்தில் இருந்து நீங்கள் பிரித்துத் தரும் காசுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை முழுதாக உண்டு. "வெள்ளையா போடுங்க" என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு, "தெளிவா போடுங்க" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எந்தப் படப்பிடிப்பாளரும் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இன்னொன்று பெயர். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கே பேர் என்றுதான் சொல்கிறோம். பறிக்கும் கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் நம் ஆட்களின் பெயரை நாள் தவறாமல் எழுதினார்கள். அவர்களுடைய படத்தின் கீழ் எழுத மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்த வருடத்தில் இருந்து நான் எடுக்கும் ஒவ்வோர் அணிப்படத்தின் கீழும், வரிசைப்படி, எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் தமிழில் அச்சிடுவேன். அதற்குத் தனியாகக் காசு இல்லை. ஆனால் பெயர்கள் சரியாக வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் பாடசாலைப் பதிவில் இன்னொரு விதமாகவும் எழுதப்பட்ட பிள்ளைகள் நம் பகுதியில் நிறைய. சிங்களத்தில் பதிந்து, திரும்பத் தமிழுக்கு வரும்போது எழுத்து மாறிப்போன பெயர்கள் எத்தனையோ.

ஆகவே படம் எடுக்கும் நாளுக்கு முன்னதாக, பிள்ளையை வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறீர்களோ, எப்படி எழுத வேண்டும் என்று விரும்புகிறீர்களோ, அப்படியே ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் பொறுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். தண்ணீர்ப் போத்தல் தூக்கும் பிள்ளையின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளைப் படம் எடுக்கும்
இரத்தினபுரி ஸ்டூடியோக்காரன்